அப்பா ஏறிய கம்பெனி பஸ்

சேசு மரி சூசை துணை

வடக்குப்பட்டு,
19.10.2025, ஞாயிறு.

அன்பு மகன் பென்சனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் ஷாலினும் குட்டி ஜெர்சியும் அந்தக் குளிர் ஊரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்க்கிறாய். உன் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் நடுவில் கட் பண்ண முடியாது. அதோடு, நீ அனுப்பிய சம்மதப் பத்திரத்தை எப்படியும் கூரியரில் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். அதே கவரில் இதையும் வைக்கிறேன். பத்திரத்தை முதலில் பிரித்துப் பார்க்காதே. இதை முழுதும் படித்துவிட்டு அப்புறம் பார், அம்மா சொல்கிறேன்.

நாளைக்குத் தீபாவளி. பின்கட்டு ரூம் ஆறும் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமையே வாடகைக்கு இருக்கிற கம்பெனிப் பிள்ளைகள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு கம்பெனி பஸ் இல்லை, ஹாரன் இல்லை, முக்கு டீக்கடையைக்கூட மூடிவிட்டான். நீ சின்ன வயதில் பார்த்த வடக்குப்பட்டு எப்படி இருந்ததோ, இந்த மூன்று நாளாக அப்படியே இருக்கிறது. நீ இருந்தால் மாடியில் நின்று போட்டோவாக எடுத்துத் தள்ளியிருப்பாய். எனக்கு முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பழக்கத்தில் ஆறு ரூமுக்கும் சேர்த்து மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி வழிகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததிலிருந்து வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ சித்திரையில் வந்திருந்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக்குப் பின்னால் குடோன் கட்டுகிறவர்களுக்கு நம் இடமும் வேண்டுமாம், நல்ல விலை கொடுக்கிறார்களாம் என்று உன் சிநேகிதன் ஜெபகுமார் வந்து சொன்னான். வீடு அப்பா பேரிலும் உன் பேரிலும் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அக்டோபர் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றான். விற்றுவிட்டு எங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம் வயதானவர்களுக்கென்றே கட்டியிருக்கிற வீட்டில் ஒன்று வாங்கித் தருவதாக நீ சொன்னாய். எங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறாய் என்று தெரியும், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் முற்றத்தில் நின்றுகொண்டு ஜெபகுமாரிடம் நீ பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "எப்படி இருந்த ஊருடா, குட்டிச்சுவரா ஆக்கிட்டானுங்க, மனுஷன் இருக்கிற எடமா இது" என்றாய். ஏரியில் குதித்தது, கழனியில் நண்டு பிடித்தது எல்லாம் சொன்னாய். அவனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். அவனுக்கென்ன, கமிஷன் வருகிறது.

அந்த நேரம் மூன்றாம் ரூம் கவிப்பிரியா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்திருக்க மாட்டாய். சங்கராபுரம் பக்கத்துப் பிள்ளை, கார் சீட் தைக்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். இந்த ரூமில் இருந்துகொண்டுதான் தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய பிறகு என்னிடம் வந்து, "ஆன்ட்டி, எங்களாலதான் இந்த ஊரு கெட்டுப்போச்சுன்னு அண்ணன் சொல்றாரா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கடையில் விலை கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். நான் "அது இல்லம்மா, அவன் ஏதோ..." என்று மென்று விழுங்கினேன். அது எனக்கு வலித்தது பென்சா, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அப்பா முரண்டு பிடித்தார் என்று நினைத்துவிடாதே. உண்மையில் போடுகிறேன் என்று துடித்தவர் அவர்தான். "வித்துத் தொலைச்சுட்டுப் போலாம் அன்னம், இன்னா கீது இந்த ஊர்ல" என்று தினமும் ஒரு பாட்டம். அவர் கதைதான் உனக்குத் தெரியுமே. நீ ஒன்பதாவது படிக்கும்போது சிப்காட்டுக்கு நம் கழனியை எடுத்தார்கள். அதிலிருந்து பதினெட்டு வருஷமாக அவர் அந்தக் கம்பெனி ரோட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஒரகடம் போவதென்றால்கூட சேரப்பணஞ்சேரி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். கல்யாண வீட்டு வேன் அந்த ரோட்டில் போனால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிப்பார். எனக்குத் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. நான்தான் விற்கவும் மனசு வராமல், வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராமல் இருந்தேன். நீ கேட்டு மறுக்கிறோமே என்று ஒரு பக்கம். இந்த மனிதர் இங்கே சந்தோஷமாக இல்லையே என்று ஒரு பக்கம்.

பத்திரம் வந்த வாரம் அப்பாவின் கண்ணாடியில் ஒரு காது உடைந்துபோயிற்று. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று படப்பைக்குக் கண்ணாடி மாற்றக் கிளம்பினார். போன மாதம் இருபத்துநாலாம் தேதி, புதன்கிழமை, மத்தியானம் சாப்பிட்ட கையோடு. அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை மாடி ரூம் தமிழ்வாணன் காலி பண்ணும்போது விட்டுவிட்டுப் போனது. சாம்பல் கலர், பையின் மேல் கம்பெனி முத்திரை. துணி நன்றாக இருக்கிறதே என்று நான்தான் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். இப்போது இங்கே பாதி ஆம்பிளைகள் யாராவது விட்டுப்போன யூனிபார்ம் சட்டையில்தான் திரிகிறார்கள், ஒருவரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. பஸ் ஸ்டாப்பில் வெள்ளையாக ஒரு வண்டி வந்து நின்றிருக்கிறது, நாலைந்து பேர் ஏறியிருக்கிறார்கள், இவரும் ஏறிவிட்டார். கண்ணில் கண்ணாடி இல்லை, முன்னால் எழுதியிருந்த போர்டைப் படிக்க முடியவில்லை. கண்டக்டர் வரவில்லை, டிக்கெட் கேட்கவில்லை. பெண்களுக்கு விட்ட இலவசத்தை ஆண்களுக்கும் விட்டுவிட்டான்போல என்று நினைத்தாராம். சத்தியமாக இதைத்தான் சொன்னார். உள்ளே ஏ.சி. வேறு. அரசாங்கம் இவ்வளவு நல்லது செய்கிறதே என்று சீட்டில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

கண் விழித்தால் கம்பெனி கேட்டுக்குள்ளே. எந்தக் கம்பெனி தெரியுமா? கவிப்பிரியாவின் சீட் கம்பெனி. எந்த இடம் தெரியுமா? பதினெட்டு வருஷமாக எந்த இடத்தைப் பார்க்க மாட்டேன் என்று சுற்றிக்கொண்டு போனாரோ அதே இடம். எல்லாரும் வரிசையாகப் போய் ஒரு மெஷினில் முகத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள், பின்னால் இருந்தவர்கள் தள்ளிக்கொண்டு வர இவரும் போய் முகத்தைக் காட்டியிருக்கிறார். மெஷின் கூவ ஆரம்பித்துவிட்டது. பின்னால் ஐம்பது பேர், செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஒரே சத்தம். செக்யூரிட்டி ஆபீசர் திருமலை என்று ஒருவர் வந்து இவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார். எந்தக் கான்ட்ராக்ட் என்று கேட்டால் இவர் கண்ணாடிக் கடை என்கிறார். அப்புறம் விஷயம் தெரிந்து அந்த மனிதர் சிரித்துவிட்டு, கேட்டுக்குள் கால் வைத்த யாருக்கும் சீட்டு எழுதியாக வேண்டும், அதுதான் ரூல் என்று விசிட்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாராம்.

இங்கேதான் கூத்து. பெயர் மரியஜோசப். ஊர் என்ன என்று கேட்டதற்கு அப்பா, இதுதான் என்றிருக்கிறார். அவர், "நான் நேட்டிவ் கேக்குறேன் பெரியவரே" என்றிருக்கிறார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேட்டிவ்தான் பா சொல்றன். நீ குந்திகினு கீறியே, அது எங்க பங்காளி கழனி" என்று சத்தம் போட்டிருக்கிறார். திருமலை பேனாவை வைத்துவிட்டு இவரையே பார்த்தாராம். அந்த கேட்டில் ஆறு வருஷமாக சீட்டு எழுதுகிறாராம். கள்ளக்குறிச்சி, தென்காசி, ராஞ்சி, கஞ்சாம் என்று எத்தனையோ ஊர் எழுதியிருக்கிறாராம், இதே ஊர் என்று சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறாராம். மற்ற செக்யூரிட்டிகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஒடிசாக்காரப் பையன் ஒருவன் அப்பாவோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டானாம். அப்புறம் டீ வந்தது, பன் வந்தது. சீட்டில் வந்த காரணம் என்ற இடத்தில் 'தவறுதலாக' என்று எழுதிவிட்டார்கள்.

டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கவிப்பிரியா முதல் ஷிப்டு முடிந்து வெளியே வந்திருக்கிறாள். ஹவுஸ் ஓனர் அங்கிள் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இந்த வயசுல எதுக்கு வேலைக்கு வந்தீங்க, அண்ணன் உங்களை கவனிக்கிறதில்லையா?" என்று கண் கலங்கிவிட்டாள். நீ எவ்வளவு பெரிய பேர் வாங்கி வைத்திருக்கிறாய் பார்! அப்பா விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் லைனில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. அவள்தான் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டாள். நான் மூன்று நாளைக்கு அவரை "ஷிப்டு முடிஞ்சுதா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "பங்காளி கழனி ரோட்டு ஓரம், அது தெரிஞ்சுது. நம்ப கழனி எதுன்னே தெரியல அன்னம். சுத்திச் சுத்திப் பாத்தேன். எங்க கெணறு, எங்க களம், ஒண்ணும் புரியல. இதப் பாக்கத்தான் இத்தினி வருசம் பயந்துகினு இருந்தேன், அங்க போனா பயப்படறதுக்கே ஒண்ணும் இல்ல" என்றார். அழுவாரோ என்று பார்த்தேன், இல்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அவர் ரசம் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று எனக்கல்லவா தெரியும்!

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கம்பெனியில் கட்டிடம், தண்ணீர், தோட்டம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஐஸ்வர்யா என்று ஒரு மேடம், சின்ன வயதுதான். ஒவ்வொரு வருஷமும் மழைக் காலத்தில் அவர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில் முட்டி அளவுக்குத் தண்ணீர் நிற்குமாம், எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லையாம். இந்த ஊர்க்காரர் ஒருவர் தவறுதலாக வந்தார் என்று திருமலை சொல்ல, கவிப்பிரியாவிடம் நம் நம்பர் வாங்கி அந்தப் பெண்ணே போன் பண்ணிவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாதா! உனக்கு நினைவிருக்கும், மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் ஏரிக்கு வருகிற கால்வாயைத் தூர் எடுப்பார்களே. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை அடி என்று பாகம் உண்டு. நம் வீட்டுப் பாகத்தைப் பதினாலு வயதிலிருந்து அப்பாதான் வெட்டினார். அந்தக் கால்வாய் அந்தக் கம்பெனி இடத்துக்குள்ளேதான் போகிறது, அதன் குறுக்கே மதிலைக் கட்டிவிட்டார்கள். அப்போது தண்ணீருக்காக நம் பாகத்தில் ஒரு குழாய் புதைத்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள் என்று அப்பா சொன்னார். அந்தக் குழாயின் வாய் எங்கே என்பதுதான் கேள்வி.

இந்த மாதம் நாலாம் தேதி சனிக்கிழமை கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி போனார். என்னையும் கூட வரச் சொன்னார், எனக்கும் பார்க்க ஆசைதான், போனேன். போனதும் இங்கே வெட்டு என்று ஓர் இடத்தைக் காட்டினார். ஜே.சி.பி. வெட்டியது. ஒன்றுமில்லை. பத்தடி தள்ளி இன்னோர் இடம். அங்கேயும் வெறும் மண். டிரைவர் கடிகாரத்தைப் பார்க்கிறான். அந்த மேடம் மரியாதையாகத்தான் இருந்தாள், ஆனாலும் முகத்தில் தெரிந்துவிட்டது. அப்பா முகம் சுண்டிப்போயிற்று. "போலாம் வா அன்னம், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இவர் இப்படியே திரும்பி வந்தால் நேரே மேசைக்குப் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார், அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நான் சும்மா இருக்காமல், கால்வாய் வெட்டும்போது எதை அடையாளம் வைத்து நம் பாகத்தைப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த ஆள்தானே, எனக்கும் கொஞ்சம் நினைவு இருந்தது. அவர் நின்றார். கால்வாயில் நின்று பார்த்தால் நம் அந்தோணியார் கோவில் சிலுவையும், ஏரிக்குள் நிற்கிற ஒற்றைப் பனையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்து தெரியும். ஆனால் இப்போது கீழே நின்றால் சிலுவையும் தெரியவில்லை, பனையும் தெரியவில்லை, சுற்றி குடோன்தான். கேன்டீன் மாடிக்குப் போக முடியுமா என்று அந்த மேடத்திடம் கேட்டேன். போனோம். மேலே போனால், பென்சா, எல்லாம் தெரிகிறது. ஏரி இருக்கிறது, பாதியாகச் சுருங்கியிருக்கிறது, ஆனால் இருக்கிறது. அதில் நம் பனை. அதற்கு அப்பால் இரண்டு குடோனுக்கு நடுவில் விரல் அளவுக்குச் சிலுவை. அப்பா மாடி ஓரமாகவே நடந்தார், நடந்தார், சிலுவை பனைக்குப் பின்னால் மறைந்த இடத்தில் நின்று நேரே கீழே கையைக் காட்டினார். இருசக்கர வண்டி ஷெட்டு. அதன் ஓரத்தில் நாலடி வெட்டியதும் 'டங்' என்று சத்தம். குழாய்தான். வாய் நிறைய உடைந்த டைல்ஸும் சிமெண்ட் பையும். அங்கே நின்றிருந்த பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அப்பா சிரிக்கக்கூட இல்லை, ஏதோ தினமும் செய்கிற வேலைபோல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இப்படித் தோண்டு, அப்படித் தோண்டு என்று அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

இந்த வியாழக்கிழமை நல்ல மழை. அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் நின்றார், கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்ததாம். மேடம் போன் பண்ணி, வண்டி நிறுத்துகிற இடத்தில் கணுக்கால் அளவுதான் நிற்கிறது, அதுவும் சாயந்தரத்துக்குள் வடிந்துவிடும் என்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கம்பெனிக்காரர்கள், எங்கள் இடத்தையும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் அதற்கு ஒரு படம் போட்டு வைக்க வேண்டும் என்கிறார். இப்போது அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பழைய காலண்டர் பின்பக்கம் எல்லாம் கால்வாய்க் கோடுகள்தான்.

ஊர் கெட்டுவிட்டது என்று நீ சொன்னாய் அல்லவா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கெட்டதும் உண்டு, நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயந்தரம் பழுப்பாகிவிடுகிறது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, கேன்தான். போன மாதம் ஒரு லாரிக்காரன் நம் கேட் தூணை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். அடுத்த தெருவில் சாவு என்றால் மணியடித்தாலும் யார் என்று தெரிவதில்லை. நீ நண்டு பிடித்த கழனி இல்லை, அது திரும்பி வராது. ஆனால் நீ ஏரியில் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்கு நினைவு இருக்கிறதா? அதே ஏரிக்கரையில் மூன்று நடை தண்ணீர் சுமந்துகொண்டிருந்தேன். நீ கையாட்டுவாய், எனக்குத் திருப்பிக் கையாட்ட ஒரு கை இருக்காது. உன்னைப் பெற நான் படப்பைக்குப் போனது பால் வண்டியில், கேன்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு. பிள்ளை பிறந்தபோது பால் வாசம் அடித்தது என்று உன் அத்தை இன்னும் சொல்வாள். எதிர்வீட்டு முனியம்மாளின் பெண் எட்டாவதோடு நின்றாள், மேலே படிக்க பஸ் இல்லை. இப்போது முனியம்மாளின் பேத்தி பூஜா காலேஜ் பஸ்ஸில் நம் வாசலில் ஏறுகிறாள். நீ பார்த்த ஊரும் உண்மைதான், நான் பார்த்த ஊரும் உண்மைதான் கண்ணு. நீ பத்து வயதில் பார்த்தாய், நான் இடுப்பில் குடத்தோடு பார்த்தேன்.

அதனால் நாங்கள் முடிவு செய்தது இது. வீட்டை இப்போது விற்கவில்லை. அப்பா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தார், மடித்து என்னிடம் கொடுத்தார், "மழை முடியட்டும் அன்னம், வேல கீது" என்றார். மழை முடிந்தாலும் போட மாட்டார், எனக்குத் தெரியும். எங்களுக்குப் பிறகு நீ விற்றுக்கொள், அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் நாங்கள் இருக்கிற வரைக்கும் இதை மனுஷன் இருக்கிற இடமா என்று மட்டும் கேட்காதே. நாங்கள் இருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜெபகுமாரிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீ சங்கடப்படாதே. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான், இரண்டு பிளேட் பிரியாணியில் சரியாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று ஷாலின் சொன்னாள். தலைக்குக் குல்லாய் இல்லாமல் வண்டி எடுக்காதே. குட்டிக்குச் சோறு ஊட்டும்போது போனைக் காட்டாதே, கதை சொல், வேறு கதை தெரியாவிட்டால் தாத்தா பஸ் ஏறிய கதையைச் சொல். ஷாலின் வேலைக்குப் போய்விட்டு வந்து சமையலும் செய்கிறாள், பாத்திரமாவது நீ கழுவு. ஞாயிறு பூசையை விடாதே. கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா, அப்போது கவிப்பிரியா ஷிப்டு முடிந்து வருகிற நேரம் பார்த்து முற்றத்தில் நில். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவள் பயந்துவிடுவாள். சாப்பிட்டியாம்மா, தம்பி எப்படி இருக்கான் என்று ஒரு வார்த்தை கேள், போதும். இதை மறக்காதே.

இப்போது பத்திரத்தைப் பிரித்துப் பார். கையெழுத்துப் போடுகிற இடம் வெறுமையாகத்தான் இருக்கும். அதோடு ஒரு ஜெராக்ஸ் தாள் குத்தியிருக்கிறேன், அது நாலாம் தேதி கம்பெனி கேட்டில் அப்பாவுக்குக் கொடுத்த இரண்டாவது விசிட்டர் சீட்டு. அசலைக் கேட்டேன், தர மாட்டேன் என்று வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். பெயர் மரியஜோசப். வந்த காரணம், தண்ணீருக்கு வழி காட்ட. ஊர் என்ற இடத்தில் இந்தத் தடவை திருமலை எதுவும் கேட்கவில்லையாம், அவராகவே 'உள்ளூர்' என்று எழுதிவிட்டாராம்.

அந்தோணியார் உங்கள் மூன்று பேரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். குட்டியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை அடையாளம் போடு.

உன்னைப் பெற்றவள்,
ம. அன்னபுஷ்பம்